குப்பனூர் சாலைக் காற்றாடித் தோட்டம்: பார்த்து வந்த விவரம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு வழிகள் உண்டு. கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போவது எல்லோரும் அறிந்த பாதை. அயோத்தியாப்பட்டணத்தில் பிரிந்து, குப்பனூர் வழியாகக் கொட்டச்சேடு ஏறிப் போவது மற்றொன்று. இந்த இரண்டாவது பாதையில், மலை தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு விவசாயக் குடும்பம் தன் தோட்டத்திலேயே அமைத்திருக்கும் கிராம வாழ்க்கைக் காட்சியகத்தைச் சென்ற வைகாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்தேன். உடன் வந்தவர்கள் 79 வயதான என் அம்மாவும், 11-ஆம் வகுப்புப் படிக்கும் என் தம்பி மகனும். நான் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதை நின்று பார்த்தேன், எதைக் கடந்து போனேன் என்பதில் அந்தத் தொழிலுக்குப் பங்கு உண்டு.

குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் அவர்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இங்கே எழுதவில்லை. ஒரே நேரத்தில் 20 பேருக்கு மேல் வந்தால் ஒவ்வொன்றையும் இயக்கிக் காட்ட இயலாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அது நியாயமான காரணம் என்பதை உள்ளே போன பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் பக்கம் போய் "காற்றாடித் தோட்டம் எதுங்க?" என்று டீக்கடையில் கேட்டால் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். தென்னைகளுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் காற்றாடி சாலையிலிருந்தே தெரிகிறது.

காற்றாலை என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆரல்வாய்மொழியிலும் உடுமலைப் பக்கமும் நிற்கும் மூன்று இறக்கை மின் காற்றாலைகள். இது அந்த இனம் அல்ல; கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதற்காக நிறுத்தப்பட்ட பழைய காற்றாடி. நான்கு கால் இரும்புக் கோபுரத்தின் உச்சியில் 12 தகட்டு இறக்கைகள் கொண்ட சக்கரம், அதன் பின்னால் மீன் வால் போல ஒரு தகடு. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அந்த வால் சக்கரத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பிவிடுகிறது. சக்கரம் சுற்ற, அதன் அச்சில் உள்ள வளைந்த தண்டு, கோபுரத்தின் நடுவே இறங்கும் நீண்ட கம்பியை மேலும் கீழும் ஆட்டுகிறது. கம்பியின் அடி முனை கிணற்றுக்குள் உள்ள பம்பின் உலக்கையைத் தூக்கி இறக்குகிறது. தெருமுனை அடி பம்பில் நம் கை செய்கிற வேலையை இங்கே காற்று செய்கிறது, அவ்வளவுதான்.

"மூணு இறக்கை போதாதா அத்தை, இதுக்கு ஏன் பன்னிரண்டு?" என்று தம்பி மகன் கேட்டான். நல்ல கேள்வி. மின்சாரம் எடுப்பதற்கு வேகமான சுழற்சி வேண்டும். அதற்குக் குறைவான, நீண்ட இறக்கைகள் ஏற்றவை. தண்ணீர் இறைப்பதற்கு வேகம் தேவையில்லை, மெல்லிய காற்றிலும் பளுவை அசைத்துத் தொடங்கும் வலு தேவை. இறக்கைகளை நெருக்கமாக வைத்தால் அந்த வலு கிடைக்கிறது. இந்த விளக்கத்தை நான் சொல்லத் தேவையே இல்லாமல் செய்திருக்கிறார்கள்: கோபுரத்தின் அடியில் இரண்டு சிறிய மாதிரிகளை நிறுத்தி, ஒரு மேசை விசிறியையும் வைத்திருக்கிறார்கள். விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்தால் 12 இறக்கை மாதிரி சுற்றும், மூன்று இறக்கை அசையாது. வேகத்தைக் கூட்டினால் மூன்று இறக்கை முந்திவிடும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் படம் போட்டு நான் பல ஆண்டுகள் சிரமப்பட்டுச் சொன்னதை ஒரு பழைய விசிறி ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டது.

நாங்கள் போன நேரத்தில் காற்று விட்டுவிட்டுத்தான் அடித்தது. பதினோரு மணிக்கு மேல் மேற்கிலிருந்து ஒரு வீச்சு வந்தபோது சக்கரம் முனகிக்கொண்டு திரும்பியது. கம்பி ஒரு முறை ஏறி இறங்கியது, இரு முறை ஏறி இறங்கியது. குழாயின் வாயில் முதலில் காற்றுக் குமிழ் சத்தம் மட்டும்தான். ஏழாவது எட்டாவது ஏற்றத்தில்தான் தண்ணீர் வந்தது. அதுவும் ஒரே ஒழுக்காக இல்லாமல், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு கை அளவாகக் கொட்டி நின்று கொட்டியது. மாட்டுத் தொட்டி அரை அடி நிறைவதற்குள் காற்று படுத்துவிட்டது. அங்கே நின்றிருந்த சிறுவர்கள் அத்தனை பேரும் அடுத்த வீச்சுக்காக மரத்து இலைகளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்ததை மறக்க முடியவில்லை. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலிருந்து எடுக்கக்கூடிய ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது பாடம். அதன் மறுபக்கம், வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பது. அன்று குழாயடியில் நாங்கள் பார்த்தது அந்த மறுபக்கத்தை.

இந்தக் காற்றாடி ஏன் கைவிடப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறார்கள். இங்கே நான் மிகவும் மதித்தது அந்த நேர்மையைத்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆனால் காற்று மிகுந்து அடிக்கும் ஆனியிலும் ஆடியிலும்தான் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் அடியில் கிடக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு கிணறு நிறையும். அப்போது காற்று இருக்காது. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் கிழக்கே இருக்கும் ஊர்களுக்குக் கிடைக்கும் காற்று, நான்கு பக்கமும் மலை சூழ்ந்த சேலத்துக்குக் கிடைப்பதில்லை. மின் மோட்டார் வந்தது, விவசாய இணைப்புக்குக் கட்டணம் இல்லை என்றானது, ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின, தண்ணீரும் அவற்றோடு சேர்ந்து கீழே இறங்கியது. காற்றாடி 20 ஆண்டுகளுக்கு மேல் துருப்பிடித்து நின்றிருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு சேலத்து லேத் பட்டறை ஒன்றில் அச்சைக் கடைந்து, பம்பின் தோல் வாசரையும் ஃபுட் வால்வையும் மாற்றி, பாசனக் கிணற்றில் வைக்காமல் ஓடைக்கரையில் உள்ள ஆழமில்லாத ஊற்றுக் கிணற்றில் இறக்கி மறுபடி ஓட வைத்திருக்கிறார்கள். இன்று அது மாடுகளின் தொட்டியை மட்டும் நிரப்புகிறது. "பயிர் பண்ண இது பத்தாதுங்க, பொய் சொல்லக் கூடாதில்ல" என்றார் உரிமையாளர்.

அங்கே ஒரு பலகையில் நெதர்லாந்தின் கிண்டர்டைக் காற்றாலைகளின் படமும் இருக்கிறது. 19 காற்றாலைகள், பெரும்பாலானவை 1740-ஐ ஒட்டிக் கட்டப்பட்டவை, 1997 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலத்திலிருந்து தண்ணீரை வெளியேற்றுவதற்காக அவற்றைக் கட்டினார்கள். அவர்களுக்கு வேண்டாத தண்ணீரைத் தள்ளக் காற்று. நமக்கு எட்டாத தண்ணீரை எடுக்கக் காற்று. அந்தப் பலகையில் எழுதாமல் விட்ட செய்தி ஒன்றை நான் சேர்க்க விரும்புகிறேன். 2017-ஆம் ஆண்டு யுனெஸ்கோ, தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில், காற்றாலைகளையும் நீராலைகளையும் இயக்கும் டச்சு ஆலைக்காரர்களின் கைத்திறனைச் சேர்த்தது. கட்டடத்துக்கு ஒரு பட்டியலும், அதை ஓட்டத் தெரிந்த கைக்கு வேறொரு பட்டியலும் இருக்கின்றன. காற்றைப் பார்த்து இறக்கையில் எவ்வளவு துணி விரிப்பது என்று தெரிந்த ஆள் இல்லையென்றால் ஆலை வெறும் கட்டடம்தான். இந்தத் தோட்டத்தை மற்றப் பழம்பொருள் சேகரிப்புகளிலிருந்து நான் வேறாக வைப்பதற்கும் அதுவே காரணம். இங்கே பொருள்களோடு அவற்றைக் கையாளத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைக்கும் பழைய முறையான கவலை இறைக்கும் இடத்தில் அதைக் கண்ணால் பார்க்கலாம். பழைய கல் கட்டுக் கிணறு; அதன் வாயிலிருந்து சரிந்து இறங்கும் மண் பாதை; மேலே பெரிய மர உருளை, கீழே கிணற்று விளிம்பில் சிறிய உருளை. மாடுகள் சரிவில் இறங்கும்போது வடக்கயிறு இழுபட்டு, தண்ணீர் மொள்ளும் பாத்திரமான சால் மேலே வருகிறது. ஏற்றத்தில் இழுக்க வைக்காமல் இறக்கத்தில் இழுக்க வைத்ததால், மாட்டின் எடையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஓட்டுபவரும் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையைச் சேர்த்துக்கொள்கிறார். சாலின் அடியில் தும்பி எனப்படும் நீண்ட தோல் குழாய் இருக்கிறது. வால்கயிறு அதை மேல்நோக்கி மடித்துப் பிடித்திருப்பதால், ஏறும்போது ஒரு சொட்டும் சிந்துவதில்லை. சால் விளிம்பைத் தொட்டதும் தும்பியின் வாய் தொட்டிப் பக்கம் இழுபட்டுத் தாழ்ந்து, தண்ணீர் தானாகவே கொட்டிவிடுகிறது. கவிழ்ப்பதற்குத் தனி ஆள் தேவையில்லை. இரண்டு கயிறுகளின் நீள வித்தியாசத்தில் மட்டுமே இத்தனையும் நடக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் அவர் பெரிய பொறியாளர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இறைத்துக் காட்டியவர் 80 வயதை நெருங்கும் ஒரு தாத்தா. 14 வயதில் கவலை ஓட்டத் தொடங்கியதாகச் சொன்னார். மாட்டை இறக்கத்தில் ஓட்டுவது பெரிய காரியம் இல்லை, திரும்பப் பின்னாலேயே நடந்து சரிவில் ஏறப் பழக்குவதுதான் காரியம் என்றார். இப்போது இருக்கும் ஜோடிக்கு அதைப் பழக்க அவருக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. நான்கு சால் இறைத்ததும் நிறுத்திவிட்டார். வந்தவர்கள் கேட்டும் ஐந்தாவது இறைக்கவில்லை. "அதுங்களுக்கு வேலை இல்ல கண்ணு, வேடிக்கைதான். வேடிக்கைக்கு நாலு போதும்" என்று மாடுகளை அவிழ்த்துவிட்டார். அவர் நுகத்தடியை இறக்கி வைத்த விதத்தையும் கவனித்தேன். மாட்டின் கழுத்தில் கை வைத்துத் தடவி, காய்ப்பு இருந்த இடத்தில் விரல் படாமல், பூட்டாங்கயிற்றை உருவினார்.

கவலைக்கு அடுத்து ஓட்டு வீடு. திண்ணையில் கலப்பைகள், பரம்பு, களைக்கொத்துகள், சோளத் தட்டு அறுக்கும் அரிவாள்கள். உள்ளே கூடத்தில் தானியத் தொம்பைகள் இரண்டு. மூங்கில் பிளாச்சில் முடைந்து சாணியும் மண்ணும் பூசியவை. ஒன்றின் அடியில் இருந்த சிறு வாயைத் திறந்து ராகியை வழிய விட்டுக் காட்டினார்கள். முதலில் கொட்டியது கீழே முதலில் வரும் என்பதால் பழைய தானியம் தங்கிப் போய்ப் புழுப்பதில்லை. அளவைகள் வைத்திருக்கும் அலமாரியும் நன்றாகவே இருக்கிறது: ஆழாக்கு, உழக்கு, படி, நான்கு படி கொள்ளும் வள்ளம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவுகள் வந்த பிறகும் எங்கள் ஊரில் பெண்கள் வெகு காலம் படிக் கணக்கில்தான் அரிசி வாங்கினார்கள். அம்மா இன்றும் உழக்கில்தான் உலைக்கு அரிசி அளக்கிறார்.

அடுத்த அறையில் திருகை. நான் எழுத உட்கார்ந்ததே இந்த அறைக்காகத்தான்.

அடிக்கல்லின் நடுவில் ஒரு முளை, மேல்கல்லில் ஒரு துளை, விளிம்பில் மரப்பிடி. வருகிற பிள்ளைகள் ஒவ்வொருவரும் பிடியைப் பிடித்து இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போகிறார்கள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தார்; மூட்டு வலிக்காரர், வீட்டில் தரையில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்காகிறது. ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, வலக்கையால் பிடியைத் தள்ளினார். இடக்கை கேட்காமலேயே ராகியை அள்ளியது. சுற்றுக்கு ஒரு சிட்டிகை, துளைக்குள் விழும்படி, பார்க்காமல். ஒரு நிமிடத்தில் கல்லின் சத்தம் மாறியது. மற்றவர்கள் சுற்றியபோது வந்த கரகரப்பு போய் ஒரே சீராக வந்தது. கற்களுக்கு நடுவிலிருந்து மாவு விளிம்பு முழுவதும் மெல்லிய வட்டமாக இறங்கியது. "நின்னு நின்னு சுத்துனா நொய்யாத்தான் வரும்" என்றார் எங்களைப் பார்த்து. கல்லை விரலால் தடவி, "கொத்தி நாளாச்சு, மாவு சூடா வருது" என்றார். தெருவில் "அம்மி கொத்தறதோ" என்று குரல் கொடுத்து வருகிறவர்கள் திருகையையும் கொத்துவார்கள். பள்ளம் தேய்ந்துவிட்டால் கல் தானியத்தை வெட்டாது, நசுக்கும், சூடு ஏறும். இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும் என்று 60 வயதான எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தத் திருகைக்கு நேர் மேலே சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் எழுதியிருக்கிறார்கள்: உடற்பயிற்சிக் கூடம் தேவைப்படாத பொற்காலம். அம்மாவுக்கு எழுத்து சரியாகத் தெரியாததால், "என்ன எழுதியிருக்குது?" என்று பேரனைக் கேட்டார். அவன் படித்துச் சொன்னான். அம்மா பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"பொற்காலமா? ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு அரைச்சாத்தான் விடியறப்ப களி. அரைச்சு முடிச்சதும் கெணத்துக்குப் போகணும், அப்புறம் காட்டு வேலை. உங்க அத்தை வயித்துல எட்டு மாசம் இருக்கறப்பவும் அரைச்சேன். அதையும் எழுதச் சொல்லு கண்ணு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை; கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் அந்த அறையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இந்தக் காட்சியகத்தின் பெருங்குறை என்று நான் சொல்வது இதைத்தான். காற்றாடியைப் பற்றி அத்தனை நேர்மையாகப் பேசுகிற குடும்பம், அடுப்படிக்கு வந்ததும் சுவர் முழுக்க இனிப்பாக எழுதிவைத்திருக்கிறது. உரலுக்கு மேலே ஆரோக்கியம், அம்மிக்கு மேலே மணம், குடத்துக்கு மேலே அழகு. கவலை இறைத்தவருக்கு எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, கூலி எத்தனை வள்ளம் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, திருகை அரைத்தவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை. பழைய உணவு நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை, ராகிக் களி இன்றும் எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் உண்டு. மாவு மில் வந்தபோது பெண்கள் எதிலிருந்து விடுபட்டார்கள் என்பதைச் சொல்லாமல் திருகையை மட்டும் காட்டினால், அது பாதிச் செய்திதான். எந்த ஊரில் கிராமக் காட்சியகம் வைத்தாலும் இந்தத் தவறு எளிதில் நேரக்கூடியது. 1891-இல் ஸ்டாக்ஹோமில் ஆர்டுர் ஹசேலியுஸ் ஸ்கான்சென் என்ற திறந்தவெளிக் காட்சியகத்தைத் தொடங்கி, பழைய பண்ணை வீடுகளை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார். உலகெங்கும் கிராமக் காட்சியகங்களுக்கு அதுவே முன்மாதிரி. வீட்டைப் பெயர்த்து வைத்துவிடலாம். அந்த வீட்டில் இருந்தவளின் தூக்கமின்மையைக் கேட்டு எழுதித்தான் வைக்க வேண்டும்.

மற்ற அறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழித்தறி ஒன்று பாவு ஏற்றிய நிலையில் இருக்கிறது, ஆனால் அன்று நெசவாளர் வரவில்லை. சேலத்துக்கு இத்தனை நெருக்கத்தில், வெண்பட்டுக்குப் பெயர் போன ஊருக்குப் பக்கத்தில், நாடா ஓடாத தறியைப் பார்ப்பது மனத்துக்கு நிறைவாக இல்லை. ஜவ்வரிசிக் கொட்டகை பரவாயில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசியும் மாவும் வருவது நின்றபோது, 1943-ஐ ஒட்டிச் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அவற்றைச் செய்யத் தொடங்கியதிலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள். கிழங்கை அரைத்து, துணியில் வடிகட்டி, பாலைத் தெளிய வைத்து, அடியில் படிந்த ஈர மாவைத் துணித் தொட்டிலில் போட்டு ஆட்டினால் மாவு உருண்டு உருண்டு மணியாகிறது. பிறகு தட்டில் வறுக்கிறார்கள். அந்தத் தொட்டிலை ஆட்டிப் பார்க்க நம்மையும் விடுகிறார்கள். தம்பி மகன் ஆட்டியதில் பாதி மணியும் பாதி கட்டியுமாக வந்தது.

மலையைப் பற்றிய பகுதி ஏமாற்றம் தந்தது. கையால் சுற்றும் பழைய காப்பிப் பல்ப்பர் ஒன்றும், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த செய்தியும் இருக்கின்றன. பழத்தை எப்படி உரிப்பது, கொட்டையை எப்படி ஊற வைத்துக் கழுவி உலர்த்துவது என்ற படங்களும் தெளிவாக இருக்கின்றன. ஆனால் மலையின் சொந்த மக்களான மலையாளிப் பழங்குடியினருக்கு ஒதுக்கியிருப்பது ஒரு புல் வேய்ந்த குடிசையும், உள்ளே இரண்டு பொம்மைகளும் மட்டுமே. சாமையும் தினையும் விளைவித்து, காப்பி வருவதற்கு முன்பும் பின்பும் அந்த மலையில் வாழ்கிறவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றிப் பேச அவர்களில் ஒருவரையே அழைத்திருக்க வேண்டும். பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம்தான்.

செக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓடுகிறது; ஆகவே போகிறவர்கள் ஞாயிறு பார்த்துப் போக வேண்டும். வாகை மரச் செக்கு, ஒற்றை மாடு, அதன் கண்ணுக்குத் துணிக் கட்டு. எள்ளைக் கொட்டிச் சிறிது நேரம் ஆட்டி, அது பொடிந்து ஒட்டத் தொடங்கும் நேரத்தில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டார்கள். எண்ணெய் உடனே வரவில்லை. மாடு சுற்றிக்கொண்டே இருந்தது, உலக்கை முனகியது, பிண்ணாக்கு உரலின் சுவரில் இறுகி ஏறியது. அரை மணி நேரத்துக்கும் மேல் கழித்து, உலக்கையைச் சுற்றி முதலில் ஒரு பளபளப்பு தெரிந்தது, பிறகு அது ஒரு குளமாகச் சேர்ந்தது. ஆட்டுபவர் துணிச் சுருளை அதில் நனைத்துப் பிழிந்து எடுத்தார். பத்து கிலோ எள்ளுக்கு நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய் வரும், மீதி பிண்ணாக்கு மாட்டுக்கு என்றார். எண்ணெயைத் தெளிய வைத்துப் புட்டியில் விற்கிறார்கள். விலை கடை எண்ணெயைவிடக் கூடுதல்தான். நேரத்தையும் மாட்டையும் ஆளையும் கண்ணால் பார்த்த பிறகு அந்த விலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சிதம்பரனாரைச் செக்கிழுக்க வைத்த வரலாற்றையும் ஒரு பலகையில் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு, செக்கு மரத்தை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தான் தம்பி மகன். உரலில் எள் நிறைந்திருந்த செக்கு ஓர் அங்குலம் நகர்ந்தது. பிறகு அந்தப் பலகையைத் திரும்பவும் ஒரு முறை படித்தான்.

வசதிகள். நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 60 ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்கு 30. மதிய உணவுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். களி, கீரைக் கடைசல், கம்மஞ்சோறு, மோர். களி நன்றாகக் கிண்டியிருந்தது, கட்டி இல்லை, விரலில் ஒட்டவில்லை. கீரையில் உப்பு தூக்கல். கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்கும் கவலைக் கிணற்றுக்கும் இடையே உள்ள பாதை கரடுமுரடானது, பிடித்து நடக்கக் கம்பி இல்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்களால் காற்றாடியைத் தாண்டி வர இயலாது. கிணற்றைச் சுற்றிய கைப்பிடிச் சுவர் குழந்தைகளின் இடுப்பளவுதான் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு வலை போடுவதை உடனே செய்ய வேண்டும், இதை உரிமையாளரிடம் நேரிலும் சொன்னேன். தகரக் கூரை போட்ட கொட்டகைகளில் பன்னிரண்டு மணிக்கு மேல் நிற்க முடியாது. காலை ஒன்பதரைக்குள் போய்விடுவது நல்லது. பெயர்ப் பலகைகளில் எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. இரண்டு இடங்களில் பொருளே மாறியிருக்கிறது, களைக்கொத்தின் அடியில் கடப்பாரை என்று எழுதியிருக்கிறது.

சேலம் அரசு அருங்காட்சியகம் போன்ற இடங்களில் நடுகற்களையும் சிற்பங்களையும் அமைதியாகப் பார்க்கலாம். அது வேறு வகை அனுபவம், அங்கே தொடக் கூடாது. இங்கே தொடாமல் ஒன்றும் விளங்காது. ஆகவே பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் வீட்டில் உள்ள முதியவர் ஒருவரையும் கட்டாயம் உடன் அழைத்துப் போங்கள். பலகைகளில் இல்லாத பாதி அவர்களிடம் இருக்கிறது. பள்ளிகள் நூறு பிள்ளைகளை ஒரே நாளில் பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டாம். ஒரு வகுப்பாகப் போனால்தான் ஒவ்வொரு பிள்ளையும் திருகையைச் சுற்றவும் தாத்தாவிடம் கேள்வி கேட்கவும் முடியும்.

புறப்படும் நேரத்தில் உரிமையாளரின் மருமகள், திருகை அறையில் நடந்ததைக் கேள்விப்பட்டு, அம்மாவைத் தேடி வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "ஆயா, ரெண்டு மணிக்கு எந்திரிக்கறதுக்கு அப்ப கடிகாரம் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். கடிகாரம் ஏது, வெள்ளி பார்த்து எழுந்திரிப்போம் என்று அம்மா தொடங்கினார். அந்தப் பெண் போனை எடுத்து, பதிவு செய்துகொள்ளலாமா என்று அனுமதி கேட்டுக்கொண்டு, முக்கால் மணி நேரம் கேட்டார். மாமியாரும் நாத்தனாரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பிடியைச் சுற்றியது, திருகையில் கை நசுங்கியது, மில்லில் முதன்முதலாக ராகி அரைக்கக் கூடையில் கொண்டுபோன நாள் எல்லாவற்றையும் அம்மா சொன்னார். அந்த மில்லுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டபோது நான்கு மைல் என்றார். நான்கு மைல் நடந்ததா என்று அந்தப் பெண் வியந்தார். "நாலு மைல் நடக்கறது பெருசா, ராத்திரி தூங்கறது பெருசா?" என்று அம்மா திருப்பிக் கேட்டார்.

சுவரில் உள்ள வாசகத்தை அழித்துவிட்டு அம்மா சொன்னதை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆடி பதினெட்டுக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, காற்று நன்றாக இருக்கும் நாளில், மறுபடி போவதாக இருக்கிறோம். திருகையைக் கொத்தி வைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் அம்மா.